அலெஸ்யா எழும்பாத காலை

விடியக் காத்தால வாசல் பெல் அடிச்சால் அது நல்ல சேதியாய் இருக்காது எண்டது சறோஜாவின்ர பலெர்மோ அனுபவம். தபால்காரன் பத்துக்குப் பிறகுதான் எட்டிப் பார்ப்பான். வீட்டுக்காரன் மத்தியானம் மூக்குமுட்டத் திண்டுபோட்டுத்தான் வருவான். ஆறு மணிக்கு வாறது ஒண்டில் செத்தவீட்டுச் சேதி, இல்லையெண்டால் பொலிஸ். செத்தவீட்டுச் சேதி இப்ப போனில வருது. மிச்சம் ஆர்?

அண்டைக்கு அவள் போர்கோ வெக்கியோ வீட்டுக் குசினியில கோப்பி போட்டுக்கொண்டு நிண்டாள். கீழ சந்தையில மரக்கறிக்காரன் பெட்டி இறக்கிற சத்தம். புருஷன் நகுலேஸ்வரன் ரெஸ்ரோறன்ரில சட்டி கழுவிப்போட்டுப் பிந்தி வந்தவர், உள்ளுக்குள்ள குறட்டை. எல்லாம் வழமைதான், ஒண்டைத் தவிர. மேசைக்கு அங்கால கிடந்த கதிரை வெறுமையாய் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு அலெஸ்யா அதில வந்து குந்தியிருப்பாள். ஏழு மணி வரைக்கும் அசையமாட்டாள். கோப்பியைக் குடிச்சுக்கொண்டு, சறோஜா மா குழைக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். ஏழடிச்சதும் எழும்பி வள்ளம் வலிக்கப் போயிடுவாள். அவையின்ர சமயத்தில அப்பிடி ஒரு விரதம் இருக்காக்கும் எண்டு சறோஜா நினைச்சு வைச்சிருந்தாள். இண்டைக்கு ஆளைக் காணேல்லை. நேற்று இரவு தோள்மூட்டு நோவில கரண்டி பிடிக்கவே ஏலாமல் இருந்த பிள்ளை, இண்டைக்கு எண்டாலும் நித்திரை கொள்ளட்டும் எண்டு விட்டிட்டாள்.

அப்பதான் பெல் அடிச்சுது.

"அலெஸ்யா எண்டவ இஞ்சை இருக்கிறாவோ?" கீழ் வாசலில இருந்து, கதவடிப் பேச்சுப் பெட்டிக்குள்ளால ஒரு ஆம்பிளைக் குரல், இத்தாலியனில. நல்ல மரியாதையான குரல். மரியாதையாய்க் கேக்கிறவனைத்தான் நம்பக் கூடாது.

"இல்லை. அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை" எண்டாள் சறோஜா.

யோசிச்சுச் சொன்னதில்லை, வாய் தன்ரபாட்டில சொல்லிப்போட்டுது. வந்த புதிசில பிரான்காச்சோவில ஒரு வீட்டுக்குள்ள எட்டுப் பேர் அடைஞ்சு கிடந்தவை. பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிடப் பத்திரம் அதில அரைவாசிப் பேருக்கு இல்லை. அந்த வீட்டில ஒரு சட்டம் இருந்தது: ஆராவது வந்து ஒரு பேரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பேரில இஞ்சை ஒருத்தரும் இல்லை. உன்ர பேரையே சொல்லிக் கேட்டாலும் இல்லை. இப்ப சறோஜாவிட்ட நல்ல பெர்மெஸ்ஸோ இருக்கு, குடியுரிமைக்கும் விண்ணப்பம் போட்டாச்சு. எண்டாலும் நாக்குக்கு அது தெரியாதே. போதாக்குறைக்கு, வெளிநாட்டுக்காரர் ஒருத்தரை வீட்டில வைச்சிருந்தால் குவெஸ்தூராவுக்கு, அதுதான் அந்த வெளிநாட்டுக்காரப் பொலிஸ் கந்தோருக்கு, அறிவிக்க வேணும். "நாளைக்குப் பாப்பம்" எண்டு நகுலேஸ்வரன் சொல்லிச் சொல்லியே மாசி போய் வைகாசி வந்திட்டுது.

திருப்பியும் பெல். சறோஜா எடுத்து, "சொன்னனானெல்லே, இல்லை!" எண்டாள். மூண்டாம் தரமும் அடிக்க, பெட்டியின்ர பக்கத்தில இருக்கிற சின்னச் சுவிச்சைத் தட்டிச் சத்தத்தை நிப்பாட்டிவிட்டாள். பிறகு பல்கனியில காயப்போட்ட துணிக்கு இடையால எட்டிப் பார்த்தாள். ஒரு மனுசன், ஒரு மனுசி, நீலப் பை ஒண்டு. எதிர்ப்பக்கப் படியில குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்க்கிறதும் ஜன்னலைப் பார்க்கிறதும். சிவில் உடுப்புப் பொலிஸ், வேற ஆர்? ஏழு மணியாக இரண்டும் எழும்பி, எதையோ குறிச்சுக்கொண்டு போச்சுதுகள்.

"போங்கோ போங்கோ, குறுக்கால போவார்" எண்டு சறோஜா மனசுக்குள்ள சொல்லி, ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடிச்சாள். கனகாலத்துக்குப் பிறகு ஆருக்கோ ஒரு உபகாரம் செய்த சந்தோசம்.

அலெஸ்யா ஆர் எண்டு கேக்கிறீங்களோ? பெலாருஸ் நாட்டுக்காரி. அணு உலை வெடிச்ச பக்கத்தில இருக்கிற மசீர் எண்ட ஆத்தங்கரைப் பட்டினம். அந்தப் பக்கத்துப் பிள்ளையளைக் கோடைக்கு நல்ல வெயிலும் நல்ல காத்தும் படட்டும் எண்டு இத்தாலிக் குடும்பங்கள் கூப்பிட்டு வைச்சிருக்கிறது ஒரு காலத்து வழக்கம். அப்பிடித்தான் எட்டு வயசில, வெளிறிப்போய், முழங்கால் மட்டும் தொங்கிற கையோட, பொலிதேயாமாவில சிஞ்ஞோரா எமிலியானா வீட்டுக்கு அவள் வந்து இறங்கினாள். அந்த வீட்டில சமையல், துடைப்பு, உடுப்பு மினுக்கிறது எல்லாம் சறோஜா.

பிள்ளை முதல் படிச்ச தமிழ்ச் சொல்லு "காணும்", அதுதான் போதும் எண்டுறது. சறோஜாவின்ர சோறும் பருப்பும் வயித்தை நிரப்பினால் வேற எந்தச் சொல்லு வேணும்? ஆனால் எங்கட ஆக்களிட்ட காணும் எண்டு சொல்லி ஆராவது தப்பியிருக்கினமே? காணும் எண்டு வாய் திறந்த பிறகுதான் உண்மையான பரிமாறலே தொடங்கும். சறோஜா இன்னொரு அகப்பை போடுவாள். பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு கையாலையும் மூடும். சறோஜா விரல் இடுக்கால போடுவாள். சிஞ்ஞோரா எமிலியானா பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு இருமுவா.

அந்தக் கையை ஊரில ஒரு கோச் கண்டுபோட்டார். பதின்மூண்டு வயசில கயாக்கில ஏத்திவிட்டார். நாலு பேர் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தராய் இருந்து வலிக்கிற ஒடுங்கின வள்ளம், அதில அலெஸ்யா மூண்டாவது ஆள். முன்னுக்கு இருக்கிறவள் தாளம் வைப்பாள், பேரும் படமும் அவளுக்குத்தான். மூண்டாம் ஆள் மாடு மாதிரி இழுக்கவேணும். பத்து வருஷமாய் அவள் கண்டது முன்னால இருந்தவளின்ர முதுகு ஒண்டுதான். ஹங்கேரி, ஜெர்மனி, போலந்து எண்டு பாஸ்போட் நிறைய முத்திரை. கேட்டால், "எல்லா ஊரிலயும் ஒரே தண்ணி, ஒரே கட்டில், ஒரே மாக்கறோனி" எண்டு சொல்லுவாள். உலகப் போட்டியில இரண்டு வெண்கலம், ஒரு வெள்ளி. படங்களை எமிலியானா சட்டம் போட்டு முன் அறையில மாட்டி வைச்சா. தூசு தட்டினது சறோஜா.

பேந்து வந்தது கோதாரி. அவளின்ர நாட்டில தேர்தல் நடந்து, தெருவில நிண்ட சனத்தைப் பொலிஸ் அடிச்சு நொருக்கினாங்கள். அது பிழை எண்டு சில விளையாட்டுக்காரர் ஒரு கடுதாசியில கையெழுத்து வைச்சினம். அலெஸ்யாவும் வைச்சாள். அடுத்த மாசம் அணியிலயும் இல்லை, சம்பளமும் இல்லை. வள்ளத்தில அவளுக்குப் பின்னால இருந்த சிநேகிதி ஜெயிலில. தெரிஞ்ச ஒரே வெளிநாட்டுக் கதவு எமிலியானாவின்ர கதவுதான். தட்டினாள். பிறகு யுத்தம் வந்து அவளின்ர நாட்டுக் கொடியையே போட்டிகளில தடுத்துப்போட்டாங்கள். நாடும் வேண்டாம் எண்டுது, நாட்டின்ர பேரும் வேண்டாம் எண்டாச்சு. கடைசியில அகதியளுக்கெண்டு இருக்கிற அணியில ஒரு இடம் கிடைச்சுது. ஒற்றை ஆள் வள்ளம். இந்த ஆவணி மாசம் மிலானில உலகப் போட்டி. முப்பத்தஞ்சு வயசில இது விட்டால் வேற இல்லை.

"நான் இருந்து பார்ப்பன்" எண்டு சொன்ன எமிலியானா தையிலயே கண்ணை மூடிட்டா. மகன்மார் வீட்டை வித்தினம். பிள்ளையை ஒரு பெட்டியோடயும் இரண்டு துடுப்போடயும் சறோஜா தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நகுலேஸ்வரன் முகத்தைச் சுழிச்சார். பிறகு, பொலோஞ்ஞாவில படிக்கிற மகன் பிரசாந்தின்ர அறை சும்மாதானே கிடக்கு எண்டு விட்டிட்டார். "உந்த மெடல்காரி வென்றால் நான் செருப்பில்லாமல் சாந்தா றோசாலியா கோயில் மலை ஏறுறன்" எண்டு சறோஜா நேர்த்தியும் வைச்சுப்போட்டாள். முழங்கால் தேய்ஞ்ச மனுசிக்கு அது சின்ன நேர்த்தியே?

இப்ப கதைக்கு வாங்கோ. எட்டு மணிபோல அலெஸ்யா எழும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. இரண்டு பேரும் கதைக்கிறது இத்தாலியனில, இடைக்கிடை அலெஸ்யா ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுவாள்.

"விடிய உன்னைத் தேடி இரண்டு பேர் வந்தவை" எண்டாள் சறோஜா, ரொட்டியைத் திருப்பிக்கொண்டு. "பொலிஸ். நான் விட்டனானே? அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். பெல்லையும் நிப்பாட்டிவிட்டிட்டன். நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை."

"நீலப் பை வைச்சிருந்தவையோ?"

"ஓம். உனக்கெப்பிடித் தெரியும்?"

அலெஸ்யா கதிரையில இருந்தாள். "அவை பொலிஸ் இல்லை, சறோ அக்கா. எங்களை மாதிரி ஆக்கள் ஊக்கமருந்து எடுக்கிறமோ எண்டு பார்க்கிற ஆக்கள். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் எங்க இருப்பன் எண்டு நான் முன்கூட்டிச் சொல்லி வைக்கவேணும். சொல்லாமல் வருவினம். அந்த நேரம் நான் அங்கை இருக்கவேணும். நான் ஆறிலயிருந்து ஏழு எண்டு குடுத்தனான்."

"அந்தப் பைக்குள்ள என்ன?"

"மூத்திரம் எடுக்கிற போத்தில்."

"மூத்திரத்துக்கோ விடியக் காத்தால பை தூக்கிக்கொண்டு திரியிறாங்கள்!" சறோஜாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அலெஸ்யா சிரிக்கேல்லை எண்டதைக் கண்டதும் அது அப்பிடியே நிண்டுபோச்சு.

"வருஷத்துக்குள்ள மூண்டு தரம் தவறினால், மருந்து எடுத்தவளுக்குச் சமன். இரண்டு வருஷத் தடை. எமிலியானா ஆஸ்பத்திரியில கிடந்த இரவு அவவோட இருந்திட்டன், அது ஒண்டு. வீடு மாறேக்க போனில விலாசத்தை மாத்த மறந்தது இரண்டு."

"இது மூண்டோ?"

"ஓம்."

ரொட்டி கருகிற மணம் வந்தது. சறோஜா அடுப்பை நிப்பாட்டேல்லை. "ஐயோ, நான் என்ன வேலை பார்த்தன்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய்ப் போச்சே! ஓடிப் போய்ச் சொல்லுவம், இப்பவே சொல்லுவம்..." எண்டு சீலைத் தலைப்பைத் தேடினாள். வீட்டில போடுற சட்டையோட நிக்கிறது அப்பதான் தெரிஞ்சுது. அலெஸ்யா எழும்பி வந்து அடுப்பை நிப்பாட்டி, கருகின ரொட்டியைக் கோப்பையில போட்டுத் திண்டாள்.

அதுக்குப் பிறகு சறோஜாவுக்குச் சோறு இறங்கேல்லை. மூண்டு வீட்டில வேலை. ஒரு வீட்டில உப்புக்குப் பதிலாய்ச் சீனியைப் போட்டாள். இன்னொரு வீட்டில அந்த வீட்டுச் சிஞ்ஞோராவின்ர வெள்ளை பிளவுஸை மினுக்கேக்க எரிச்சுப்போட்டு ஏச்சு வாங்கினாள். ஏச்சு வாங்கேக்க ஒரு ஆறுதல்கூட வந்தது. ஆராவது ஏசத்தானே வேணும், அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் ஏசுதில்லையே. அது வழக்கம்போல துறைமுகத்துப் பக்கத்துக் கிளப்புக்குப் போகுது, வருது, தோளில ஐஸ்கட்டியை வைச்சுக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்குது. சறோஜா தைலப் போத்திலைக் கொண்டு போனால், "வேண்டாம் அக்கா, அதுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாது" எண்டு வழக்கம்போலத் தள்ளிவிடுது. இனித் தைலம் பூசினால் என்ன, பூசாட்டில் என்ன எண்டு கேக்க சறோஜாவுக்கு வாய் வரேல்லை.

கிளப் தலைவர்தான் வழி ஒண்டு சொல்லிவிட்டார். தடை இன்னும் முடிவாகேல்லை, விளக்கம் குடுக்கலாம். பிள்ளை உள்ளுக்குள்ள நித்திரையில இருந்தவள், வந்தவையிட்டப் பொய் சொன்னது நான், பெல்லை நிப்பாட்டினதும் நான் எண்டு வீட்டுக்காரி ஒரு வக்கீலுக்கு முன்னால கையெழுத்து வைச்சுக் குடுத்தால், சிலவேளை மன்னிப்பினம். சிலவேளைதான்.

"விசரோடி உனக்கு?" எண்டார் நகுலேஸ்வரன். அண்டைக்கு அவருக்கு லீவு, கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் ரீவியை நிப்பாட்டிப்போட்டு எழும்பினார். "அறிவிக்காமல் ஆளை வீட்டில வைச்சிருந்தனான், அதிகாரியளுக்குப் பொய்யும் சொன்னனான் எண்டு நீயே எழுதிக் குடுக்கப் போறியோ? குடியுரிமைப் பேப்பர் அங்கை கிடக்கு. எவ்வளவு காலமாய்க் காத்துக் கிடக்கிறம்!"

"இஞ்சேருங்கோ, குழப்பினது நான்."

"நீ வேணுமெண்டு செய்தனியே?"

"அது அந்தப் பிள்ளைக்கு என்ன? வேணுமெண்டு உடைச்சாலும் தெரியாமல் உடைச்சாலும் சட்டி உடைஞ்சதுதானே."

"எங்கட பெடியன்ர வாழ்க்கை?"

"பெடியன் படிக்கிறான், தன்ர அலுவலைத் தான் பார்ப்பான். இவளுக்கு ஆர் இருக்கினம்? தாயில்லை, நாடில்லை, எமிலியானாவும் போட்டா. நான் ஒருத்தி இருந்தன், நானும் கதவைப் பூட்டிப்போட்டன்." சொல்லேக்க சறோஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்திட்டுது. நகுலேஸ்வரன் ரீவியைத் திருப்பிப் போட்டார், ஆனால் சத்தம் வைக்கேல்லை. கொஞ்ச நேரத்தால, "எப்ப போகவேணும்?" எண்டார்.

வியாழக்கிழமை காலமை இரண்டு பேரும் வெளிக்கிட்டினம். ஆபிரிக்கப் பக்கத்துச் சூட்டுக்காத்து தொடங்கியிருந்தது, தெருவெல்லாம் மண் தூசு. வக்கீலின்ர கந்தோர் பொலிதேயாமாவில, நடந்து போற தூரம்தான். சறோஜா கோயிலுக்குப் போடுற கறுப்புச் சப்பாத்தைப் போட்டிருந்தாள், அது குதிக்காலைக் கடிச்சுது. மனசுக்குள்ள சொல்லவேண்டியதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்: பிள்ளை நித்திரை, பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் பெல்லை நிப்பாட்டினனான்.

நடக்க நடக்க அந்தப் பாடத்தில ஏதோ ஒண்டு முள்ளு மாதிரிக் குத்திச்சுது.

தியேட்டர் கட்டிடத்துக்கு முன்னால இருக்கிற மரவாங்கில, "கொஞ்சம் இரு பிள்ளை, காலாறிப் போவம்" எண்டு சறோஜா குந்தினாள். சப்பாத்தைக் கழட்டினாள். அலெஸ்யாவும் பக்கத்தில இருந்தாள்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதை" எண்டாள் சறோஜா. "பற்பசைக்கும் லேபிள் வாசிக்கிறவள் நீ. நான் மல்லித்தண்ணி அவிச்சுத் தந்தாலும் என்னென்ன போட்டனீங்கள் எண்டு கேட்டுத்தான் குடிப்பாய். ஏற்கனவே இரண்டு தரம் தவறிப்போச்சு. உப்பிடிப்பட்ட நீ, 'அக்கா, விடிய ஆக்கள் வருவினம், கதவைத் திறந்துவிடுங்கோ' எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மறப்பியே?"

அலெஸ்யா தன்ர உள்ளங்கையைப் பார்த்தாள். துடுப்புப் பிடிச்சுப் பிடிச்சு மாட்டுத்தோலாய்க் காய்ச்சுப் போன கை.

"மறக்கேல்லை" எண்டாள்.

"பின்ன?"

"முதல், நான்தானே முழிச்சிருக்கிறன், உங்களை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு சொல்லேல்லை. பிறகு, சொல்ல மனம் வரேல்லை. சொன்னால் நீங்கள் திறப்பீங்கள்."

சறோஜாவுக்கு விளங்கேல்லை. விளங்கத் தொடங்கினதும் விளங்காமலே இருந்திருக்கலாம் எண்டு இருந்தது.

"எனக்கும் பெல் கேட்டது, அக்கா. முதல் அடியிலயே முழிப்பு. எழும்பி இரண்டு காலையும் நிலத்தில வைச்சிட்டன். கதவுக்கு அங்கால உங்கட குரல் கேட்டது. அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை எண்டு சொன்னீங்கள். அதைக் கேட்ட உடன எனக்கு ஒரு ஆறுதல். என்னெண்டு சொல்லுறது... இருபத்திரண்டு வருஷமாய் நான் எங்க இருக்கிறன், எத்தினை கிலோ இருக்கிறன், எவ்வளவு வேகமாய் இழுக்கிறன் எண்டு ஆரோ ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கினம். ஒருத்தரும் அவள் இல்லை, போங்கோ எண்டு எனக்காகச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீங்கள். நான் காலைத் திருப்பிக் கட்டிலில வைச்சுப் போத்துக்கொண்டு படுத்திட்டன்."

சறோஜா எழும்பினாள். வெறுங்காலோட எழும்பினாள். "அடி பாதகத்தி!" எண்டு அவள் தமிழில கத்தினதில புறாக்கூட்டம் ஒண்டு பறந்துபோச்சுது. "இவ்வளவு நாளும் நான் சோறு தின்னேல்லையடி! புருஷனோட சண்டை பிடிச்சன், உப்புக்குச் சீனியைப் போட்டன், எல்லாத்தையும் என்ர தலையில சுமந்தன். நீ பார்த்துக்கொண்டிருந்தனீ! வாயைத் திறந்து ஒரு சொல்லு சொன்னனியே? என்னைப் பாவியாக்கினியேடி!"

தமிழ் முழுக்க விளங்காட்டிலும் ஏச்சு விளங்கும்தானே. அலெஸ்யா தலையைக் குனிஞ்சுகொண்டு முழுக்க வாங்கினாள். "ஓம்" எண்டாள். "ஒவ்வொரு நாளும் சொல்லுவம் எண்டுதான் வாறன். உங்கட முகத்தைப் பார்த்தால் ஏலாமல் போகுது. இண்டைக்கு நீங்கள் எனக்காகப் பேப்பரில கையெழுத்து வைக்கப் போறீங்கள். இதுக்குமேல ஏலாது."

"விருப்பம் இல்லையெண்டால் விட்டிட்டன் எண்டு நேராய்ச் சொல்லித் துலைக்கிறதுதானே!"

"ஆரிட்டச் சொல்லுறது? எமிலியானாவிட்டயோ? சாகேக்கயும் மிலான், மிலான் எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தா. ஜெயிலில கிடக்கிறவளிட்டயோ? நீ வலிக்கிறதுதான் எனக்கும் சேர்த்து எண்டு எழுதிறாள். நீங்களும் மலை ஏறுறன் எண்டு நேர்த்தி வைச்சிட்டீங்கள்." குரல் கீழ இறங்கிப்போச்சு. "நாலு பேர் வள்ளத்தில முன்னால ஒரு முதுகு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு இழுக்கலாம். இப்ப முன்னால வெறும் தண்ணி. ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணியைக் காணேக்க குமட்டிக்கொண்டு சத்தி வருது, அக்கா. எனக்குக் களைச்சுப்போச்சு. தோள் களைச்சது இல்லை. எல்லாம்."

சறோஜா திரும்ப வாங்கில குந்தினாள். கோவம் போகேல்லை, நெஞ்சுக்குள்ள சுட்டுக்கொண்டே கிடந்தது. ஆனால் களைப்பு எண்ட சொல்லை அவளுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் மூண்டாவது வீட்டுப் படியில கால் வைக்கேக்க முழங்கால் சொல்லுறதும் அதுதானே. அந்தப் படியில நிண்டு ஆரும் அவளிட்ட, போதும், வீட்டை போ எண்டு சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளும் போர்வையை இழுத்துப் போத்திருப்பாளோ என்னவோ.

தெருவுக்கு அங்கால வக்கீலின்ர கந்தோர் வாசல். பித்தளைப் பலகையில பேர் மினுங்கிச்சுது. உள்ளுக்குப் போய்ப் பாடம் பண்ணினதைச் சொன்னால் பாதி உண்மைதான், கண்டுபிடிக்க ஒருத்தராலயும் ஏலாது. பிள்ளை மிலானுக்குப் போகலாம். கொடியில்லாத பிள்ளை அந்தப் பெரிய சனத்துக்கு முன்னால ஒருக்கா வலிக்கலாம். இல்லையெண்டால் நாளைக்குப் பேப்பரில வாறது, மருந்துக்குத் தப்பி ஓடினவள் எண்டுதான். இந்த இருபத்திரண்டு வருஷமும் அந்த ஒரு சொல்லுக்குள்ள போயிடும்.

"கள்ளி எண்டெல்லே சொல்லுவாங்கள்" எண்டாள்.

"தெரியும்."

"ஒரு தைலம்கூடப் பூசாதவளை."

"தெரியும், அக்கா." அலெஸ்யா அழத் தொடங்கினாள், சத்தமில்லாமல். அந்தப் பெரிய தோள் இரண்டும் குலுங்கிச்சுது.

"இஞ்சை பார். அழுதது காணும், நான் சொல்லுறதைக் கேள். நான் உன்னோட இன்னும் கோவம்தான். எண்டாலும் நீ ஓம் எண்டு சொன்னால் இப்பவே உள்ளுக்குப் போய்க் கையெழுத்து வைப்பன். நீ சொன்ன கதையை நான் கேக்கவே இல்லை. குடியுரிமை வந்தால் வரட்டும், வராட்டில் கிடக்கட்டும். இன்னும் இரண்டு மாசம்தானே? பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒருக்கா வலிச்சுப்போட்டு வா. பேந்து விடு. ஆர் உன்னைக் கேக்கப் போயினம்? ஒருக்கா, பிள்ளை. இன்னும் ஒரே ஒருக்கா."

அலெஸ்யா கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிமிர்ந்தாள். காய்ச்சுப்போன இரண்டு கையையும் மடியில கவிழ்த்து வைச்சாள், எட்டு வயசில கோப்பையை மூடின மாதிரி.

"காணும்" எண்டாள், தமிழில.

சறோஜா வாயைத் திறந்தாள். இன்னும் ஒரு வார்த்தை நாக்கு நுனியில நிண்டுது. இருபத்தேழு வருஷமாய் அந்தச் சொல்லுக்கு அவள் குடுத்த மறுமொழி ஒண்டுதானே. பிறகு வாயை மூடிக்கொண்டாள். சப்பாத்தைத் திருப்பிப் போடக் குதிக்கால் விடேல்லை, கையில எடுத்துக்கொண்டாள்.

"எழும்பு" எண்டாள். "கிளப்புக்கு நீயே போய்ச் சொல்லவேணும். அந்தத் தலைவர் மனுசன் உனக்காக வக்கீல் பிடிச்சவர். அதுக்கு நான் வரமாட்டன்."

"ஓம்" எண்டாள் அலெஸ்யா.

இரண்டு பேரும் போர்கோ வெக்கியோப் பக்கம் திரும்பி நடந்தினம். சறோஜா வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தாள். அலெஸ்யா பக்கத்தில மெல்ல மெல்ல, அவளின்ர நடைக்கு நடந்து வந்தாள்.

அடுத்தநாள் ஆறு மணிக்குச் சறோஜா கோப்பி போட்டாள். எதிர்க் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. நகுலேஸ்வரன் தண்ணி குடிக்க எழும்பி வந்து, "என்ன, கையெழுத்து வைச்சாச்சோ?" எண்டார்.

"இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காணுமாம்."

"என்ன காணுமாம்?"

"போய்ப் படுங்கோப்பா."

அவர் போய்ப் படுத்திட்டார். அலெஸ்யாவின்ர அறைக் கதவு நீக்கலாய்க் கிடந்தது. பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைத் திறந்துகொண்டு, சின்னனில எமிலியானா வீட்டுக் கட்டிலில கிடந்த மாதிரியே கிடந்தாள். சறோஜா வாசலுக்குப் போனாள். அந்த நாளில இருந்து, இனி ஆர் வந்தாலும் கேக்கவேணும் எண்டு பயத்தில பெல்லின்ர சத்தத்தை ஆகக் கூட்டி வைச்சிருந்தவள் அவள்தான். பெட்டியின்ர பக்கத்தில இருந்த சின்னச் சுவிச்சைத் தட்டி அதை நிப்பாட்டினாள். பிறகு தன்ர கோப்பியை எடுத்துக்கொண்டு அந்த வெறுங்கதிரையில வந்து இருந்தாள். முதல் வீட்டு வேலைக்குப் போற பஸ் கீழ வந்து நிண்டு போற சத்தம் கேட்டது. சறோஜா எழும்பேல்லை.